தக்காளி ஊருக்கு கிடார் எதுக்கு?

பாலக்கோட்டில் ஒரு சனி, ஞாயிறு முழுக்க கிடார் கண்காட்சி நடத்தினால் என்ன? சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நாலைந்து கடைக்காரர்கள் கிடார்களைக் கொண்டுவந்து அடுக்கட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்து மடியில் வைத்து மீட்டிப் பார்க்கட்டும். சாயங்காலம் மேடையில் கச்சேரி. பென் டிரைவைச் சொருகிவிட்டு வாயசைக்கிற கச்சேரி இல்லை. ஆள் உட்கார்ந்து, விரல் தேய, கம்பி அதிர வாசிக்கிற கச்சேரி.

இதைச் சொன்னால் உடனே மூன்று பேர் சிரிப்பார்கள். ஒருத்தர், ‘தக்காளி மண்டி இருக்கிற ஊருக்கு கிடார் எதுக்குங்க?’ என்பார். இன்னொருத்தர், ‘முதல்ல தண்ணி வரட்டும் சார், அப்புறம் பாட்டு’ என்பார். மூன்றாமவர் கொஞ்சம் விவரமானவர். ‘நம்ம பண்பாடு என்ன, மேளம் என்ன, இந்த வெள்ளைக்காரன் பொட்டியைக் கொண்டுவந்து...’ என்று இழுப்பார்.

மூன்று பேரையும் உட்காரவைத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டுதான் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் மேடைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறோம்.

*

முதலில் தக்காளிக்காரர்.

தக்காளி விற்கிற ஊருக்கு ரசனை இருக்காது என்பது பட்டணத்து மூடநம்பிக்கை. தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது போய்ப் பாருங்கள். பதினெட்டு நாள் பாரதம். ராத்திரி ஆரம்பித்தால் விடிகிறவரைக்கும் கூத்து. காட்டு வேலை முடித்துவிட்டு வந்த ஜனங்கள், பாயும் போர்வையுமாக மண் தரையில் உட்கார்ந்து கண் விழித்துப் பார்க்கிறார்கள். சென்னையில் ஏ.சி. சபாவில், தனி ஆவர்த்தனம் வந்தால் கேன்டீனுக்கு எழுந்து போகிற ரசிகரைவிட இவர்கள் எந்த விதத்தில் மட்டம்?

அடுத்தது தூரக் கணக்கு. சேலம் - பெங்களூரு ரயில் பாதையில் பாலக்கோடு ஒரு ஸ்டேஷன். தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர், அப்புறம் பெங்களூரு. மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர். அந்த 100 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது தெரியுமா? 2007 மார்ச்சில் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தார்கள். 2011 அக்டோபர் 30-ல் அதே மைதானத்தில் மெட்டாலிகா. 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் இரண்டு நாள் கச்சேரி செய்தார். உலகத்தின் பெரிய கிடார்கள் எல்லாம் பாலக்கோட்டுக்கு பக்கத்து ஸ்டேஷன் மாதிரி வந்து வந்து போகின்றன.

பாலக்கோட்டுப் பையன் அதைப் பார்க்க முடியுமா? டிக்கெட் பல ஆயிரம். டிக்கெட்டுக்கு மேல் ஜி.எஸ்.டி. கச்சேரி முடிந்து ஊர் திரும்புவதற்குள் விடிந்துவிடும். ஆக, அவனுக்கு நேரடி இசை என்பது செல்போனில் இன்னொருத்தன் எடுத்த ஆட்டம் காணும் வீடியோ. இதற்குப் பெயர் ரசனை இல்லாமையா, வாய்ப்பு இல்லாமையா? பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்: தேவை என்பது வேறு, வாங்கும் சக்தி வேறு. வாங்கும் சக்தி இல்லாத இடத்தில் தேவையே இல்லை என்று முடிவு கட்டுகிறவன் வியாபாரியாக இருக்கலாம். அரசாங்கம் அப்படி இருக்கக் கூடாது.

*

கண்காட்சி எதற்கு, யூ-டியூப்பில் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஆன்லைனில் கிடார் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது.

சின்ன ஊரில் ஒரு பையன் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, இருப்பதிலேயே மலிவான கிடாரை ஆன்லைனில் ஆர்டர் போடுகிறான். பெட்டி வந்து சேர்கிறது. பிரிக்கிறான். கம்பி, விரல் பலகையிலிருந்து ஏகத்துக்கு உயரத்தில் நிற்கிறது. அழுத்தினால் விரல் நுனி கிழிகிறது. சுருதி சேர்த்தாலும் மேலே போகப் போக பிசகுகிறது. வீடியோவில் வருகிற வாத்தியார் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார். இவனுக்கோ கண்ணில் தண்ணீர் வருகிறது. என்ன நினைப்பான்? தன் விரல் மேல்தான் சந்தேகப்படுவான். கிடார் மேல் சந்தேகப்பட அவனுக்குத் தெரியாது. மூன்றே மாசத்தில் அது அலமாரி மேலே ஏறிவிடும். ‘இவனுக்கு எதுலயும் ஒரு இது கிடையாது’ என்று அப்பா தீர்ப்பும் எழுதிவிடுவார்.

குற்றம் விரலில் இல்லை. கிடாரின் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அதைச் சின்ன ஆலன் கீயால் கால் திருகல் திருகினால் கழுத்தின் வளைவு சரியாகும். கம்பிகள் உட்காரும் அடிக்கட்டையைக் கொஞ்சம் தேய்த்தால் உயரம் இறங்கும். தெரிந்த கைக்கு அரை மணி வேலை. அந்த அரை மணி வேலை தெரிந்த ஒரு ஆள் கண்ணில் படாததால் எத்தனை பையன்கள், எத்தனை பெண்கள் ‘எனக்கு இசை வராது’ என்று ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறார்கள்!

வெளிநாட்டில் கிடார் கண்காட்சிகள் ஆடம்பரத்துக்காக மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் டல்லஸில் 1978 முதல் கிடார் விழா நடந்துவருகிறது. பழைய கிடார் விற்கிறவன், வாங்குகிறவன், ரிப்பேர் செய்கிறவன், மேடையில் வாசிக்கிறவன், வாயைப் பிளந்து பார்க்கிறவன் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். நம்ம ஊர் மாட்டுச் சந்தையின் தத்துவம்தான் அது. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவோமா? கழுத்தைப் பிடித்துப் பார்க்காமல் கிடாரை மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

*

அடுத்து பண்பாட்டுக்காரர். இவரிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசலாம். ஏனென்றால் கவலை உண்மையானது, வைத்தியம்தான் தப்பு.

தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. பக்கத்தில் கிருஷ்ணகிரியிலும் ஒன்று உண்டு. நல்ல காரியம். அங்கே ஏழு பாடங்கள்: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இதில் வயலின் எந்த ஊர்? திருவையாற்றிலா செய்தார்கள்? ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சாவூர் வடிவேலுவும் இருநூறு வருஷங்களுக்கு முன்னால் அதை எடுத்து நம் சங்கீதத்துக்குப் பழக்கினார்கள். இன்றைக்கு வயலின் இல்லாத கர்னாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியாது. மாண்டலினை ஸ்ரீநிவாஸ் பழக்கினார். சாக்ஸபோனை கத்ரி கோபால்நாத் பழக்கினார். கிடாரிலேயே கர்னாடக ராகங்களை சுகுமார் பிரசாத் வாசித்தார், பிரசன்னா வாசிக்கிறார். அப்புறம் என்ன? முன்னால் வந்த விருந்தாளிக்கு ரேஷன் கார்டு, பின்னால் வந்தவனுக்குக் கதவடைப்பா?

நரம்புக் கருவி இந்த மண்ணுக்கு அந்நியம் என்று மட்டும் தருமபுரியில் யாரும் சொல்லிவிடக் கூடாது. பழைய தகடூர் இது. ஔவை பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்துப் பிழைத்த பாணர்களை வள்ளல்கள் வாசலில் வரவேற்றுச் சோறு போட்ட காலத்தின் பெருமையைத்தான் மேடைக்கு மேடை பேசுகிறோம். இன்றைய பாணன் தோளில் கிடார் உறையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். அவனிடம், ‘போலீஸ் பர்மிஷன் வாங்கிட்டியா?’ என்று கேட்கிறோம்.

பாணனின் இன்றைய கதை என்ன? கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மெல்லிசைக் குழு வருமே, அதில் ஒரு காலத்தில் லீட் கிடார், ரிதம் கிடார், பேஸ் கிடார் என்று மூன்று பேர் நிற்பார்கள். கீபோர்டு வந்தது, பேஸ் கிடார் அதன் இடது கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. ரிதம் பேட் வந்தது, தபேலாவும் டிரம்ஸும் இறங்கிப் போயின. அப்புறம் பென் டிரைவ் வந்தது, மிச்சமிருந்த கிடாரும் இறங்கியது. இப்போது மேடையில் பாடகரும் லேப்டாப்பும். செலவு குறைந்ததாகக் கணக்கு எழுதினோம். இறங்கிப் போனவர்களின் வீட்டு அடுப்பை எந்தப் பேரேட்டில் எழுதினோம்?

வரிச் சட்டத்திலும் இந்த ஆளுக்கு இடம் இல்லை. ஜி.எஸ்.டி.யில் நாட்டுப்புறக் கலை, செவ்வியல் கலை இரண்டுக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் சம்பளம் வரைக்கும் விலக்கு உண்டு. சினிமாப் பாட்டு வாசிக்கிற கிடாரிஸ்ட் நாட்டுப்புறமா, செவ்வியலா? இரண்டும் இல்லை. அவருடைய வருமானம் வரி வரம்புக்கே வராது என்பது வேறு விஷயம். ஆனால் சட்டத்தின் மனசில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கோயிலுக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டு ஜனங்கள் நிஜமாகவே கேட்கிற பாட்டை வாசிக்கிறவனுக்குப் பெட்டியே இல்லை.

அவன் வாசித்ததை நாம் மறந்தோமா என்றால், அதுவும் இல்லை. 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ பாட்டின் கிடாரை வாயாலேயே வாசித்துக் காட்டத் தெரியாத நாற்பது வயசுக்காரர் யாராவது உண்டா? கிடாரில் அதை வாசித்தவர் பெயர் கேட்டால் முழிப்போம். ஆர்.சந்திரசேகர். பாட்டு நம் சொத்து, வாசித்த விரல் அநாமதேயம்!

இளையராஜா எங்கிருந்து வந்தார்? இசைக் கல்லூரியிலிருந்தா? பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சிக் கூட்ட மேடைகளில் ஊர் ஊராக வாசித்து வந்தவர். சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’. 2025 மார்ச் 8-ல் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் வாழ்த்து சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் அந்தப் பயணத்தின் முதல் படி, சின்ன ஊரின் திறந்தவெளி மேடை. முதல் படியை இடித்துவிட்டு மொட்டை மாடியில் நின்று கைதட்டுகிறோமே, அடுத்த ஆள் எப்படி ஏறுவான்?

*

மேடையை இடிப்பது யார்? ஒரு பக்கம் காசு, இன்னொரு பக்கம் காக்கி.

நம் ஊரில் நேரடி இசை என்பது கலாசாரத் துறையின் விஷயம் அல்ல, சட்டம் ஒழுங்கு விஷயம். திருவிழாக் காலம் வந்தால் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ஐகோர்ட் மதுரைக் கிளையில் மனுக்கள் குவிகின்றன. ஒரு கிராமத்தில் பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஐகோர்ட் படியேற வேண்டும்! பெரிய ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? 2025 பிப்ரவரி 9-ம் தேதி, பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் எட் ஷீரன் நடைபாதையில் நின்று கிடார் வாசித்துப் பாடினார். போலீஸ்காரர் ஒருவர் வந்து ஒயரைப் பிடுங்கினார். அனுமதி இல்லை என்றது போலீஸ், அனுமதி வாங்கியிருந்தோம் என்றார் பாடகர். அவருக்குப் பரவாயில்லை, அன்று ராத்திரியே மைதானம் நிறைய ஜனம் காத்திருந்தது. பாலக்கோட்டில் ஒயரைப் பிடுங்கினால் அந்தப் பையனுக்கு எந்த மைதானம் காத்திருக்கிறது?

ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை நான் எதிர்க்கவில்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் அது இருக்கிறது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், நெஞ்சு வலிக்காரருக்கும் தூக்கம் வேண்டும். அதே விதியில், கலாசார விழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாள் வரைக்கும் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம் என்றும் இருக்கிறது. எனக்கு அந்தச் சலுகைகூட வேண்டாம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆரம்பித்து ராத்திரி 9 மணிக்கு முடித்துக்கொள்கிறோம். பகலில் கிடாரை மீட்டினால் எந்த ஒழுங்கு கெடும்?

‘கூட்டம் சேர்ந்தா ஆபத்து சார்’ என்பார்கள். கூட்டம் சேர்ந்ததால் வரும் ஆபத்தைவிட, ஒரே இடத்தில் எல்லாக் கூட்டத்தையும் சேர்ப்பதால் வரும் ஆபத்து பெரிது. 2023 செப்டம்பர் 10-ல் சென்னை ஈ.சி.ஆர். பக்கம் ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரிக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் நெரிசலில் மாட்டித் திரும்பினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே வந்த பெண்களை டி.வி.யில் பார்த்தோம். பசி ஊர் முழுக்க இருக்க, பந்தி ஒரே இடத்தில் போட்டால் இலை கிழியத்தான் செய்யும். ஊருக்கு ஊர் சின்னச் சின்னப் பந்தி போடுங்கள்.

*

கடைசியில் தண்ணிக்காரர். ‘இதுக்கெல்லாம் காசு எங்க இருக்கு?’

வாங்க, என் சப்ஜெக்டுக்கு வந்துவிட்டீர்கள். என் தோராயக் கணக்கு இது. கல்யாண மண்டபம் இரண்டு நாளுக்கு 50,000. மைக் செட், விளக்கு 60,000. 20 கலைஞர்களுக்குத் தலைக்கு 5,000 வீதம் ஒரு லட்சம். சாப்பாடு, தங்கல் 40,000. போஸ்டர், போக்குவரத்து, இதர செலவு 30,000. பிள்ளைகள் பழக, ஒழுங்காகச் சரிசெய்த கிடார்கள் இருபது, ஒரு லட்சம். மொத்தம் 3,80,000.

வரவு: டிக்கெட் 100 ரூபாய். நாளுக்கு ஆயிரம் பேர் வீதம் இரண்டு நாளில் 2 லட்சம். பத்து ஸ்டால்களுக்கு 5,000 வீதம் 50,000. ஆக 2,50,000. பற்றாக்குறை 1,30,000. இதில் ஒரு லட்சம் கிடார் வாங்கிய காசு. அது செலவு இல்லை, மூலதனம். விழா முடிந்ததும் அரசுப் பள்ளிக்குப் போய்விடும், பல வருஷம் உழைக்கும். நிஜமான துண்டு 30,000 ரூபாய். ஒரு பெரிய மனிதரின் பிறந்த நாளுக்குக் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பேனர்களைவிடக் குறைவு! டிக்கெட்டுக்கு வரியும் கிடையாது. கச்சேரி டிக்கெட் 500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. இல்லை. 2018 ஜனவரியில் 250 ஆக இருந்த வரம்பை 500 ஆக உயர்த்தினார்கள். மலிவான கச்சேரிக்குச் சட்டத்திலேயே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நுழையத்தான் ஆள் இல்லை.

தண்ணிக்கும் பாட்டுக்கும் சண்டை மூட்டுவது பழைய தந்திரம். பாட்டை நிறுத்தியதால் எந்த ஊரில் குழாயில் தண்ணி வந்தது? இரண்டையும் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். மேகாலயா அரசு உள்ளூர்க் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பொது இடங்களில் வாசிக்க வைக்கும் திட்டத்தை நடத்துகிறது. அந்த ஊர் முதலமைச்சர் கான்ராட் சங்மா தானே கிடார் வாசிப்பவர். அதே ஷில்லாங்கில், 1972 முதல் பாப் டிலனின் பிறந்த நாளைப் பாட்டுக் கச்சேரியாகக் கொண்டாடி வருகிறார் லூ மஜாவ் என்ற கலைஞர். அது பணக்கார மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி மேகாலயா முழுக்கச் சுமார் 30 லட்சம் பேர். தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர். இரண்டு தருமபுரி சேர்ந்தால் ஒரு மேகாலயா. அவர்களால் ஒரு மாநிலம் முழுக்க முடிகிறது. நம்மால் ஒரு தாலுகாவில், ஒரு சனி ஞாயிறு முடியாதா?

சென்னையிலும் நல்ல முயற்சிகள் நடந்தன. 2007-ல் சென்னை சங்கமம் தொடங்கி, கிராமியக் கலைகளைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். 2023-ல் திரும்பவும் ஆரம்பித்தார்கள். 2018 ஜனவரியில் பறையும் கானாவும் கிடாரும் ஒரே மேடையில் ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, அதுவும் சென்னைதான். கிராமத்துக் கலை பட்டணத்துக்குப் போகிறது, சரி. பட்டணத்து வாத்தியம் கிராமத்துக்கு எப்போது வரும்? ஒருவழிப் பாதையாக இருந்தால் அது சங்கமம் இல்லை, ஏற்றுமதி.

ஆகவே கேட்பதைப் பட்டியலாகவே கேட்டுவிடுகிறேன். ஒன்று, மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் எட்டாவது பாடமாக கிடாரைச் சேருங்கள். வேலை இழந்த மெல்லிசைக் குழுக் கலைஞர்கள் நிறைய இருக்கிறார்கள், வாத்தியார் தேடி அலைய வேண்டாம். இரண்டு, 10 மணிக்கு முன் முடிகிற, ஆயிரம் பேருக்கு உட்பட்ட நிகழ்ச்சிக்கு ஒரே விண்ணப்பம், ஒரே ஜன்னல், ஒரு வாரத்தில் பதில். மூன்று, தாலுகாவுக்கு வருஷத்தில் ஒரு சனி, ஞாயிறு. கருவி பார்க்க, பழுது பார்க்க, தொட்டுப் பார்க்க, கேட்க.

பாலக்கோட்டில் ஆரம்பியுங்கள். தக்காளி ரெண்டு நாளில் அழுகிவிடும் என்று தெரிந்து விடியற்காலையிலேயே மண்டிக்கு ஓடுகிற ஜனங்கள் அவர்கள். பதினாறு வயசுப் பையனின் ஆசையும் அப்படித்தான், ரொம்ப நாள் தாங்காது.